கரண்டு வந்துட்டு எக்கா

சங்கரன்கோவில்
14.6.2025

எப்சிபாவுக்கு, மகாராஜனின் அக்கா சங்கரேஸ்வரி எழுதிக்கொள்வது.

நீ தபாலில் அனுப்பிய பென்டிரைவ் உடையாமல் வந்து சேர்ந்தது. நான் இங்கே இருக்கிறேன். சுகம் என்று எழுதத்தான் வேண்டும், கை வரவில்லை. நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு. தம்பி இறந்த துட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஈர்க்குச்சி மாதிரி இருந்தாய். அவன் பாட்டுப் பேண்டுப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், நீ மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாய். உன்னிடம் இரண்டு வார்த்தை பேச முடியாமல் போயிற்று.

போன வாரம் நீ போன் பண்ணியபோது என்னம்மா, என்னம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தப்பாக நினைக்காதே. சின்னப் பிள்ளையிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறவளுக்குப் போனில் பேச்சு பிடிபடாது. ஆள் எதிரே நின்றால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். தறிக்கூடத்தில் எங்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். அந்தச் சத்தத்தில் யாரும் காதை நம்புவதில்லை. அதனால் எதுவானாலும் எழுதி அனுப்பு. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். அவன் பாடியதையும் கிடாரையும் டிரம்மையும் ஒன்றாகச் சேர்த்துப் பதம் பண்ணுகிற வேலை உன்னுடையது என்று கிடார் வாசிக்கிற சுடலைராஜ் சொன்னான். நான் சரி என்று சொல்லாமல் வெளியே விடமாட்டோம் என்றும் சொல்லிவிட்டுப் போனான். ஆவணி பதினெட்டோடு என் தம்பி போய் ஒரு வருசம் ஆகிறது. மழையில் பைக்கில் வந்தவனை லாரிக்குக் கொடுத்துவிட்டு நான் வேறு எதையும் கேட்கவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் ஸ்பீக்கர் கட்டி அவன் பாட்டைப் போட வேண்டும், தெரு கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அவன் வாங்கித் தந்த கறுப்பு ஸ்பீக்கரில் நீ அனுப்பியதைப் போட்டேன். அது என் தம்பி குரல் இல்லை. யாரோ பெரிய வீட்டுப் பையன் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது.

முதல் பாதியில் அவன் பாடவே இல்லை. கிடார் மட்டும் எங்கேயோ டொங் டொங் என்று தட்டிக்கொண்டு கிடக்கிறது. பிறகு "கரண்டு வந்துட்டு எக்கா" என்று வருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. எங்கள் அம்மா போனபோது அவன் தவழுகிற பிள்ளை. நான்தான் தறிக்கூடத்துக்குத் தூக்கிப்போய் வளர்த்தேன். கரண்ட் போனால் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் ஒரு கண் தூங்குவோம். அவன் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலேயே காவல் கிடப்பான். கரண்ட் வந்ததும் அங்கிருந்து கத்திக்கொண்டே ஓடி வருவான், "கரண்டு வந்துட்டு எக்கா, கரண்டு வந்துட்டு" என்று. தெருவே எழும்பும். அப்படிக் கத்தின பிள்ளை இந்தப் பாட்டில் நீ சொல்லிக்கொடுத்த மாதிரி அடக்க ஒடுக்கமாகச் சொல்லுகிறான். கரண்ட் போனதற்கும் வந்ததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

என்ன செய்தாயோ அதைச் செய்யாமல் அனுப்பு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
சங்கரேஸ்வரி


சாலிகிராமம், சென்னை
23.6.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கையால் கடிதம் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் சொந்த ஊர் பாளையங்கோட்டைதான், உங்கள் பேச்சு எனக்குப் புதிது இல்லை.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

ஒருவர் குரலில் பல அடுக்கு இருக்கிறது. நெஞ்சிலிருந்து வருவது, தொண்டையிலிருந்து வருவது, மூக்கில் இடித்துக்கொண்டு வருவது, பல்லில் வருகிற 'ஸ்', எல்லாவற்றுக்கும் மேலே வெறும் மூச்சு. ஈக்வலைசர் என்று ஒன்றை வைத்து ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியும். மகாராஜன் குரலில் மூக்கு ரொம்பத் தூக்கல். சுடலைராஜின் கிடாரும் அதே இடத்தில்தான் கத்துகிறது. இரண்டும் மோதினால் காதில் குத்தும். அதனால் மூக்கைக் குறைத்து, நெஞ்சையும் மூச்சையும் கொஞ்சம் ஏற்றினேன்.

இரண்டாவது, கம்ப்ரசர். ராக் பாட்டில் டிரம்மும் கிடாரும் சுவர் மாதிரி நிற்கும். குரல் ஒரு வார்த்தைக்குப் பெரிதாகவும் அடுத்த வார்த்தைக்குச் சிறிதாகவும் இருந்தால் பாதி அந்தச் சுவருக்குப் பின்னால் போய்விடும். கத்துகிற இடத்தைக் கொஞ்சம் அமுக்கி, முணுமுணுக்கிற இடத்தைத் தூக்கினால் எல்லா வார்த்தையும் முன்னால் நிற்கும். எல்லாப் பாடகருக்கும் செய்வதுதான். அவனை மட்டும் அடக்கி வைக்க வேண்டும் என்று நான் ஏன் நினைக்கப் போகிறேன்?

முதல் பாதியில் அவன் பாடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாடுகிறான் அக்கா. நான் அதிக நாள் உட்கார்ந்தது அந்த இடத்தில்தான். ஸ்பீக்கர் சரியில்லையோ என்று நினைத்துப் பார்சலில் ஒரு ஹெட்போன் வைத்திருக்கிறேன். பாட்டையும் மாற்றியிருக்கிறேன். முதல் பாதிக் குரலை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து, 'கரண்டு வந்துட்டு' வருகிற இடத்தில் அமுக்கியதைத் தளர்த்தியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஆவணிக்குள் முடித்துவிடலாம்.

அன்புடன்
எப்சிபா


சங்கரன்கோவில்
5.7.2025

எப்சிபாவுக்கு,

ஹெட்போன் கிடைத்தது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு ரசீதா வந்து பார்த்துவிட்டு, விமானம் ஓட்டப் போகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் பாதியில் அவன் இருக்கிறான் என்று எழுதினாய். எங்கே இருக்கிறான்? சத்தத்தை முழுசாக வைத்துக் கேட்டேன். காது வலித்ததுதான் மிச்சம். கிடார் பெரிதாக வந்தது, டிரம் நெஞ்சில் இடித்தது, என் தம்பி இல்லை. இரண்டாவது பாதியில் கொஞ்சம் வருகிறான், அதுவும் போர்வைக்குள் இருந்து. எக்கா என்று கூப்பிடுகிறான், அந்த 'க்' இல்லை. ஆள் கூப்பிடுவதற்குள் யாரோ வாயைப் பொத்திய மாதிரி.

என்னிடம் ஒரு வீடியோ இருக்கிறது. வாசுதேவநல்லூரில் ஒரு சேக்காளி கல்யாணத்தில் பாடினது, யாரோ கூட்டத்துக்குள் நின்று செல்போனில் எடுத்தது. படம் ஆடுகிறது, மேளக்காரர் தலை மறைக்கிறது. ஆனால் குரல் என்றால் அது குரல். முதல் வார்த்தையிலேயே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். ஒரு செல்போனால் முடிந்தது உன் அவ்வளவு பெரிய மிஷினால் ஏன் முடியவில்லை?

எல்லா இடத்தையும் ஒரே அளவாக இழுத்து நிறுத்துகிறேன் என்று நீ எழுதியதை வாசித்தேன். எங்களுக்கும் தறியில் பாவு நூல் எல்லாம் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுந்துபோகும். சேலைக்கு அது சரி. அவன் என்ன சேலையா? கோபம் வந்தால் தெருவுக்குக் கேட்கும், வருத்தம் வந்தால் மூன்று நாள் வாயே திறக்க மாட்டான். அவனைப் போய் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாய்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருந்தால் தறியில் கை ஓடாது. அவனுக்கு மூக்கால் பேசுகிற குரல். பள்ளிக்கூடத்தில் அதற்கு அவனைக் கேலி பண்ணியிருக்கிறார்கள். மெட்ராசுக்குப் போய்ப் பெரிய ஆளான பிறகும் உங்களுக்கு அது அசிங்கமாக இருந்திருக்கிறது. உயிரோடு இருந்தால் உன்னைத் தொட விடுவானா? கேட்க ஆள் இல்லை என்று துடைத்துவிட்டாய்.

இந்த மாதிரித்தான் வரும் என்றால் பாட்டு வரவே வேண்டாம். ஆவணி பதினெட்டுக்கு நான் அந்தக் கல்யாண வீடியோவையே போட்டுக்கொள்கிறேன்.

ஹெட்போனைத் திருப்பி அனுப்பவா, எழுது.

சங்கரேஸ்வரி


சென்னை
12.7.2025

அன்புள்ள அக்கா,

ஹெட்போன் உங்களுடையது. திருப்பி அனுப்ப வேண்டாம்.

எனக்கும் கோபம் வருகிறது, அதை மறைத்து எழுதத் தெரியவில்லை. அவன் குரல் எனக்கு அசிங்கம் என்று எழுதிவிட்டீர்கள். இந்த ஒரு பாட்டுக்காக மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துக் கிடக்கிறேன். தினமும் அவன் குரலைத் தனியாகப் போட்டுக் கேட்கிறேன். இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? ஒரு வரியைச் சரிபண்ண அதே வரியை நூறு தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவன் பாடி முடித்து, "சரியா வந்துருக்கா?" என்று கேட்பது வரைக்கும் ஓடும். பதில் சொல்ல வாய் வரும். பிறகு நிறுத்துவேன்.

மெல்லப் பேசும்போது வார்த்தைக்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு எடுப்பான். வழக்கமாகப் பாட்டில் அந்த மூச்சை எல்லாம் வெட்டி எறிந்துவிடுவோம். நான் ஒன்றைக்கூட வெட்டவில்லை. அவனைத் துடைக்கிறவள் அதை ஏன் வைத்திருக்கப் போகிறாள்?

முதல் பாதி இங்கே கேட்ட எல்லாருக்கும் கேட்கிறது. உங்களுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. இதோடு இன்னொரு பென்டிரைவ் அனுப்புகிறேன். இதில் கிடார் இல்லை, டிரம் இல்லை. நான் எதையும் தொடவில்லை. மைக் முன்னால் நின்று அவன் பாடியது மட்டும் அப்படியே இருக்கிறது. யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அதற்கு மேலும் நான் வெட்டிவிட்டேன் என்று தோன்றினால், இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி சுடலைராஜிடம் சொல்லிவிடுகிறேன்.

எப்சிபா


சங்கரன்கோவில்
10.8.2025

எப்சிபாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊருக்குள் கால் வைக்க முடியவில்லை. எங்கள் தறி முதலாளி பாண்டியராஜ் வேறு, தபசுக்கு லீவு விட்டதை எல்லாம் இந்த வாரமே ஓட்டித் தீர்க்க வேண்டும் என்று நின்றார். அது ஒரு காரணம். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தது இன்னொரு காரணம்.

நீ சொன்னபடியே ரசீதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். அவளும் எங்கள் முதலாளியிடம்தான் வேலை பார்க்கிறாள். ஆனால் தறிக்கு நூல்தார் சுற்றுகிறவள், அது தனிக்கட்டிடம், சத்தம் குறைவு. எல்லாவற்றுக்கும் முதலில் 'கரண்டு வந்துட்டு' வருகிற இடத்தைப் போட்டோம். நீ தொடாத குரல். எப்சிபா, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டிரான்ஸ்பார்மர் பக்கமிருந்து அவன் ஓடி வருகிறான். அந்த மூக்கு, அந்த 'க்', எல்லாம் அப்படியே இருக்கிறது.

பிறகு முதலிலிருந்து போட்டோம். ஒன்றுமே இல்லை. நான் ரசீதாவிடம், பார்த்தியா, இதிலும் வெட்டிவிட்டாள் என்று கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வெட்டலக்கா. பாடுதாரு. மெல்லமாப் பாடுதாரு. மூச்சு வுடுததுகூட எனக்குக் கேக்குது."

நான் நம்பவில்லை. அவள் சொன்னாள், "குக்கர் விசிலே ஒங்களுக்குக் கேக்காது, நாந்தான் எங்க வீட்டுல இருந்து கத்துதேன். இது எங்கன கேக்கும்?"

அது உண்மைதான். குக்கர் ரிப்பேர் என்று இரண்டு தடவை கடையில் கொடுத்திருக்கிறேன். கடைக்காரன் நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பித் தந்தான், அவனையும் ஏசிவிட்டு வந்தேன். கரண்ட் போய்த் தெருவே அமைதியானாலும் என் காதுக்குள் தறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் மூக்கால் பேசுகிறது எப்படி வந்தது என்று இப்போது சொல்லுகிறேன். தறி ஓடும்போது நான் அவனுக்கு முதுகு காட்டி நிற்பேன், அவன் வாய் எனக்குத் தெரியாது. வாசல்படியில் நின்று கூப்பிடுவான். அடித்தொண்டையில் கூப்பிட்டால் தறி தின்றுவிடும். மூக்கை இறுக்கிக் கூப்பிட்டால் மட்டும் நான் திரும்புவேன். அதைக் கண்டுபிடித்துக்கொண்டான். வீட்டிலும் அப்படியே பேசினான். நான் கேட்ட மகாராஜன் அது ஒன்றுதான்.

அந்த முதல் பாதியில் என்ன சொல்லுகிறான் என்று ரசீதாவிடம் கேட்டேன். அவள் வெட்கப்பட்டாள். நான் விடவில்லை. ஸ்பீக்கரைத் திரும்பப் போட்டு, அவன் பாடப் பாட அவளை வாயசைக்கச் சொன்னேன். அவள் வாயைப் பார்த்துத்தான் வாசித்தேன்.

"தீப்பெட்டி தேடாத
கை இங்கனதான் இருக்கு
ஒரு நிமிசம்
இருட்டாவே இருக்கட்டும்."

ரசீதா தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஸ்பீக்கரை நிறுத்தினேன். அக்காவிடம் எந்தத் தம்பியும் இப்படிப் பாட மாட்டான்.

நான் என்னவோ பாட்டு முழுக்க எங்கள் தெரு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் மெல்லப் பேசுவான் என்பதே எனக்குத் தெரியாது. மூச்சு எடுத்துவிட்டுப் பேசுவான் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் திரும்பத் திரும்ப விரலை வைத்துக்கொண்டிருந்தேன். அது மைக்கில் கேட்டது மாதிரி இல்லை, பக்கத்தில் இருந்து கேட்டது மாதிரி இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. தீப்பெட்டி தேட வேண்டாம் என்று அவன் யாரிடம் சொன்னான்?

சங்கரேஸ்வரி


சென்னை
17.8.2025

அன்புள்ள அக்கா,

என்னிடம்தான் சொன்னான்.

ஸ்டுடியோவில் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ரிப்பேர். நான் மெழுகுவத்தி ஏற்றுவதற்குத் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான், நான் சிரித்தேன். கரண்ட் வந்ததும் அவன் தன்னை அறியாமல் கத்தினான், "எக்கா!" என்று. ஸ்டுடியோ முழுக்கச் சிரித்தது. அந்த வாரமே பாட்டை எழுதிவிட்டான்.

போன வருசம் தபசுக்கு என்னை ஊருக்குக் கூட்டிவந்து உங்கள் முன்னால் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தான். எங்கள் வீட்டில் சர்ச், உங்கள் வீட்டில் கோயில், யாரிடம் முதலில் சொல்வது என்று தள்ளிப்போட்டோம். "எங்க அக்கா மொதல்ல ஏசுவா, ஒரு மணி நேரம் ஏசுவா, அதுக்கப்புறம் சோறு போடுவா" என்றான். தீபாவளிக்குப் போகலாம் என்று வைத்திருந்தோம். துட்டிக்கு வந்த அன்று வாசலில் நின்றேனே, உள்ளே வந்தால் உங்களை அக்கா என்பதா மதினி என்பதா, எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. பேண்டுப் பெண் என்று உட்கார மனசு வரவில்லை.

நான் அவனைத் துடைக்கவில்லை அக்கா. எனக்குத் தெரிந்த மகாராஜனைப் பாட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். அவன் கத்தினால் எனக்கு யாரோ போலத் தோன்றும். அதனால் மூக்கைக் குறைத்துக்கொண்டே போனேன். அது உங்களுடையது என்று எனக்குத் தெரியாது.

இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். 'கரண்டு வந்துட்டு' வருகிற இடத்தில் அவன் மூக்கைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக சுடலைராஜின் கிடாரில் அந்த அடுக்கைக் குறைத்துவிட்டேன். இரண்டு பேரில் ஒருவர்தானே அந்த இடத்தில் நிற்க முடியும், சுடலைராஜ் தள்ளி நிற்கட்டும். அவனுக்கு என் மேல் கோபம், ரெண்டு நாள் பேசவில்லை. வார்த்தை தொடங்கின உடனேயே கம்ப்ரசர் அமுக்கியதால்தான் உங்கள் 'க்' போயிருந்தது. இப்போது வார்த்தையின் முன்பக்கம் வெளியே வந்த பிறகுதான் அமுக்கும். முதல் பாதிக்கும் இரண்டாவது பாதிக்கும் ஒரே இழுப்பு இல்லை. கரண்ட் வந்தால் வந்த மாதிரி இருக்கும்.

பென்டிரைவில் இரண்டு பாட்டு இருக்கிறது. ஒன்று என்று எழுதியதில் முதல் பாதி எனக்குப் பாடியபடியே இருக்கிறது. உங்களுக்குக் கேட்காது. இரண்டு என்று எழுதியதில் மூச்சைக் குறைத்து, மூக்கை ஏற்றி, முதல் பாதியையும் உங்களுக்குக் கேட்கிற மாதிரி ஆக்கியிருக்கிறேன். அது எனக்குத் தெரிந்தவன் குரல் இல்லை. பரவாயில்லை. உங்களுக்குக் கேட்காமல் அவன் பாட்டு வெளியே வரக்கூடாது. எது என்று நீங்கள் சொல்லுங்கள், அதை விட்டுவிடுகிறோம்.

எப்சிபா


சங்கரன்கோவில்
25.8.2025

எப்சிபாவுக்கு,

முதலில் ஏசிவிடுகிறேன், அவனே சொல்லியிருக்கிறான் இல்லையா. அவ்வளவு பெரிய பயல், மீசை வைத்தவன், மேடையில் ஏறி ஆயிரம் பேர் முன்னால் கத்துகிறவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயந்திருக்கிறான். நான் என்ன கடித்தா வைப்பேன்? ஏசுவேன். அதற்கு வந்து நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. இப்போது யாரை ஏசுவது? நாலைந்து நாளாகத் தறிமுன்னால் நின்று அவனைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறேன். நல்லவேளை யாருக்கும் கேட்காது. தார் கொண்டுவந்த ரசீதா மட்டும் என் வாயைப் பார்த்துவிட்டு, "யாரப் போட்டு இந்த ஏச்சு ஏசுதீய?" என்று கேட்டாள்.

நீயும்தான். வாசல் வரைக்கும் வந்தவள், உள்ளே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன பெயர் கேட்டா விரட்டப் போகிறேன்? ஒரு வருசம் நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகக் கிடந்திருக்கிறோம்.

இரண்டு பாட்டையும் கேட்டேன். இரண்டு என்று எழுதியதைத்தான் முதலில் போட்டேன். நீ சொன்னபடியே முதல் பாதியும் எனக்குக் கேட்டது. வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. தீப்பெட்டி தேடாத என்று அவன் தறிக்கூடத்து வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில் கத்துகிறான். எனக்கு ஒரு நிமிசம் சந்தோசம், அடுத்த நிமிசம் எரிச்சல். எவனாவது அந்த வார்த்தையை அப்படிக் கத்துவானா? தெருவில் நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். கரண்ட் ஆபீசில் மனு கொடுக்கிற மாதிரி இருக்கிறது. அதை அழித்துவிடு.

பிறகு ஒன்று என்று எழுதியதைத் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். முதலாளி சாப்பிடப் போன நேரம், எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை நூல் மூட்டைமேல் வைத்துவிட்டு நான் பாட்டுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டேன். முதல் பாதி ஓடியது எனக்குத் தெரியாது. நூலை இழுத்துக்கொண்டு நாடா போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. திடீரென்று எக்கா என்றான். நான் திரும்பிவிட்டேன். யோசித்துத் திரும்பவில்லை, உடம்பு திரும்பிவிட்டது. பக்கத்துத் தறிக்காரிகளும் திரும்பினார்கள். அவர்களுக்கும் தெரியும் அந்தக் குரல்.

அதுதான் பாட்டு. அதையே வெளியே விடச் சொல். சுடலைராஜிடம் கோபப்பட வேண்டாம் என்றும் சொல், அவன் கிடார் எனக்கு இப்போதும் காதைக் குத்தத்தான் செய்கிறது.

முதல் பாதியில் கை வைக்காதே. எனக்குக் கேட்கிற மாதிரி மாற்றித் தரவும் வேண்டாம். அது அவன் எனக்குச் சொன்னது இல்லை. எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். இருக்கட்டும்.

ஆவணி பதினெட்டுக்கு நீ இங்கே வர வேண்டும். ஏற்பாடு எல்லாம் ஆகிவிட்டது, தெரு முனையில் டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒன்று, எங்கள் வீட்டு முன்னால் ஒன்று என்று ஸ்பீக்கர் கட்டச் சொல்லியிருக்கிறேன். முந்தின நாளே வந்துவிடு. சாமி கும்பிடுகிறாயோ, ஜெபம் பண்ணுகிறாயோ, அது உன் விருப்பம். வாசலில் மட்டும் நிற்காதே. உள்ளே, என் எதிரே உட்கார்.

பாட்டுப் போட்டதும் எல்லாரும் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள். நான் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த முதல் பாதி ஓடி முடிகிற வரைக்கும் நீ அவன்கூடச் சேர்ந்து வாயசைத்துக்கொண்டிரு. சத்தம் வர வேண்டாம். மெதுவாகச் சொல்லு. ரசீதா வேகமாகச் சொல்லிவிட்டாள்.

உனக்குச் சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

உன் மதினி
சங்கரேஸ்வரி